விலை கூடிய மடக்குக்கத்தி வாங்கலாமா? முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

மடக்குக்கத்தி வாங்கலாம் என்று தேடத் தொடங்கும் எவரையும் முதலில் திகைக்க வைப்பது விலைதான். ஒரு அலகு, ஒரு பிடி, நாலைந்து திருகு. ஒருவர் அதைச் சாதாரண விலைக்கு விற்கிறார். இன்னொருவர் பத்து மடங்கு, இருபது மடங்கு கேட்கிறார். படத்தில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விற்பவர் பக்கத்தில் இருக்கும் விவரமோ எஃகின் பெயர், விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டின் பெயர், பிடிப்பொருளின் பெயர் என்று புரியாத சொற்களாகவே நீளும்.

இவ்வளவு கொடுத்தால் அதற்கேற்ப நன்றாக வெட்டுமா என்பதுதான் எல்லோருக்கும் எழும் கேள்வி. ஓரளவு விலை வரை வெட்டும். மிக மலிவான கத்தியை விட்டு நடுத்தர விலைக்கு ஏறும்போது கிடைக்கும் மாற்றம் பெரியது: ஒழுங்காகப் பதப்படுத்திய எஃகு, நம்பிக் கைவைக்கக்கூடிய பூட்டு, விரித்தபின் ஆடாத அலகு. நடுத்தரத்தில் இருந்து உச்சிக்கு ஏறும்போது கூடுவது பெரும்பாலும் செய்நேர்த்தி. பாகங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தும், திறக்கும்போது வழவழப்பாக ஓடும், விளிம்புகள் எல்லாம் உருட்டி மழுக்கப்பட்டிருக்கும். வெட்டும் திறனில் கூடுவது கொஞ்சம்தான். செய்நேர்த்திக்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருக்கிறது; அதற்கு விலை கொடுப்பதில் தவறே இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் போங்கள். முதல் மூன்றுக்கும் அநேகமாகச் செலவே இல்லை. பலருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

படி 1: என்ன வெட்டப்போகிறீர்கள் என்று எழுதிப்பாருங்கள்

சில நாட்களுக்கு, கத்தியோ கத்தரிக்கோலோ தேடிய ஒவ்வொரு தடவையும் கைப்பேசியில் ஒரு வரி குறித்து வையுங்கள். பார்சல் பிரித்தது, கயிறு அறுத்தது, பழம் நறுக்கியது, பிளாஸ்டிக் கட்டு அவிழ்த்தது, பென்சில் சீவியது. பட்டியலைப் பார்த்தாலே உங்களுக்கு எந்த வகைக் கத்தி வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பார்சல்களும் பழமும்தான் பட்டியலில் இருக்கின்றன என்றால், விக்டோரிநாக்ஸ் போன்ற ஒரு சிறிய சுவிஸ் கத்தியோ பிரான்சின் ஒப்பினெல் மடக்குக்கத்தியோ அந்த வேலையை முழுமையாகச் செய்துவிடும். இரண்டுமே நூறாண்டு தாண்டிய பெயர்கள். விக்டோரிநாக்ஸ் 1884இல் தொடங்கியது, ஒப்பினெல் 1890இல். இரண்டின் அலகும் மெல்லியது. பழம் நறுக்குவதில் இவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள தடித்த கத்திகள் இவற்றுக்குப் பக்கத்தில் வர முடியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இவற்றை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாள் முழுவதும் அட்டைப்பெட்டி கிழிக்கும் வேலை, தோட்டவேலை, படகுவேலை, ஒரு கையில் சாமானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறக்கவேண்டிய வேலை என்றால் நிலைமை வேறு. கூர் நீடிப்பதற்கும், ஒரு கையால் திறக்க முடிவதற்கும், பூட்டு உறுதியாக நிற்பதற்கும் அங்கே உண்மையான மதிப்பு உண்டு.

படி 2: சட்டத்தைப் பாருங்கள்

இதைப் பலர் கத்தி கையில் வந்தபிறகு யோசிக்கிறார்கள். விலை கூடிய மடக்குக்கத்திகளின் இரண்டு முக்கியச் சிறப்புகள் பூட்டும் ஒருகைத் திறப்பும். சில நாடுகளில் சட்டம் கைவைப்பதும் அவற்றின்மேல்தான். பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய மடக்குக்கத்திக்கு வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது; பூட்டும் இருக்கக்கூடாது. ஜெர்மனியில் 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமின்றி வெளியே எடுத்துச்செல்ல முடியாது. உங்கள் ஊரில் விதி என்ன, அலகின் நீளத்துக்கு வரம்பு உண்டா, வாங்குவதற்கும் உடன் வைத்திருப்பதற்கும் தனித்தனி விதியா என்று அரசின் அதிகாரபூர்வமான தகவலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். விற்பவர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

விமானப் பயணம் அடிக்கடி இருப்பவர் என்றால் இன்னொன்று. பையில் மறந்துவிட்ட கத்தி பாதுகாப்புச் சோதனையில் பறிபோனால் திரும்பக் கிடைப்பது அரிது. விலை கூடக்கூட அந்த இழப்பும் கூடும்.

படி 3: இருக்கும் கத்தியைச் சாணை பிடித்துப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"என் கத்தி சரியாக வெட்டுவதில்லை, நல்லதாக ஒன்று வாங்கவேண்டும்" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது மழுங்கிய கத்தி, மோசமான கத்தி அல்ல. எந்த எஃகும் ஒருநாள் மழுங்கும். சாணை பிடிக்கத் தெரியாதவர் கையில் உலகத்தின் மிக உயர்ந்த எஃகும் சில மாதங்களில் மொட்டைக் கத்திதான். அதனால் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பைக் காட்டும் எண் ஒரு பக்கம் 400 (சொரசொரப்பானது), மறுபக்கம் 1000 (மெல்லியது) என்று இருக்கும் சாதாரணச் சாணைக்கல் ஒன்று போதும்.

முதலில் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராக, கூர் உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடியுங்கள். நன்றாகக் கூர்மையான விளிம்பு கண்ணுக்கே தெரியாது, ஒளி அதில் பட்டுத் திரும்ப இடமில்லை. மழுங்கிய இடம் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக மினுங்கும். அந்தக் கோடு மறையும்வரை தேய்ப்பதுதான் வேலை.

அடுத்து, அழியாத மை பேனாவால் கூரின் சரிவு முழுவதையும் இருபுறமும் கறுப்பாக்குங்கள். கல்லில் இரண்டு முறை மட்டும் இழுத்துவிட்டுப் பாருங்கள். மை சரிவின் மேல்பகுதியில் மட்டும் போயிருந்தால், கத்தியை அளவுக்கு மீறிப் படுக்க வைத்திருக்கிறீர்கள். நுனிவிளிம்பில் மட்டும் போயிருந்தால், அளவுக்கு மீறி நிமிர்த்தியிருக்கிறீர்கள். சரிவு முழுக்கச் சீராகப் போனால் கோணம் சரி. ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை என்பது மடக்குக்கத்திகளுக்கு வழக்கமான கோணம். அதைப் பாகைமானி வைத்து அளக்கத் தேவையில்லை, மையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்கத்தில் நுண்ணிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து கூரைத் தாண்டி வெளியே போகும் திசையில் மெதுவாக வழித்தால், ஏதோ சிறிது பிடித்து இழுப்பதுபோல் தட்டுப்படும். விரலைக் கூரின் நீளவாட்டில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அடியிலிருந்து நுனிவரை பிசிறு எழுந்தபிறகுதான் பக்கம் மாற்றவேண்டும். புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிசிறு எழும் முன்பே பக்கம் மாற்றி, மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு, கல்லைக் குறைசொல்வார்கள். அலகின் இரண்டு பக்கமும் முடிந்ததும் கல்லின் மெல்லிய 1000 பக்கத்துக்குப் போய், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு போய்விடும். கடைசியாக ஒரு தோல்வாரில், கூர் பின்னால் வரும்படி சில தடவை இழுங்கள்.

இப்போது ஒரு தாளைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல், இழுபடாமல் சரசரவென்று இறங்குகிறதா? அப்படியானால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கத்தியிடம் இப்போது என்ன குறை? பதில் வரவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியிருந்தது கல்தான். "கூர் சீக்கிரம் போய்விடுகிறது", "திறக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது", "பிடி கையை உறுத்துகிறது" என்று ஏதாவது ஒன்று திட்டமாகத் தோன்றினால், அந்தக் குறையை எழுதி வையுங்கள். பணம் கொடுப்பதென்றால் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கொடுக்கவேண்டும்.

படி 4: எஃகின் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

எஸ்30வி, எம்390, விஜி-10, டி2 என்று வரும் பெயர்கள் மிரட்டலாக இருந்தாலும் பார்க்கவேண்டியது மூன்றே குணங்கள். கூர் எவ்வளவு நேரம் நிற்கும், பக்கவாட்டில் அழுத்தினாலோ கடினமானதில் பட்டாலோ சிதறாமல் தாங்குமா, துருப்பிடிக்காமல் இருக்குமா. ஒன்றைக் கூட்டினால் பொதுவாக இன்னொன்று குறையும். மூன்றிலும் உச்சத்தில் நிற்கும் எஃகு எதுவும் கிடையாது.

குறைந்த விலைக் கத்திகளில் 8சிஆர்13எம்ஓவி, ஏயுஎஸ்-8, 420எச்சி போன்றவை வரும். இவற்றில் கூர் சீக்கிரம் போகும். ஆனால் சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். விக்டோரிநாக்ஸ் தன் அலகுகளை எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் சுமார் 56 என்ற மிதமான கடினத்தில்தான் வைக்கிறது. யார் வேண்டுமானாலும் எளிதில் சாணை பிடித்துக்கொள்ளலாம் என்பது அதனால் வரும் வசதி. நடுவில் 14சி28என், விஜி-10, 154சிஎம், டி2 வருகின்றன. 14சி28என் பற்றி ஒரு வார்த்தை. விலை மிதமானது, எளிதில் துருப்பிடிக்காது, சிதறாது, கூரும் மெல்லியதாக ஏறும். புதியவருக்கு நான் தயங்காமல் சொல்லும் எஃகு இதுதான். டி2வில் கூர் நன்றாக நிற்கும். துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கார்பைடுத் துகள்களில் (உலோகமும் கரிமமும் சேர்ந்து எஃகுக்குள் உருவாகும் மிகக் கடினமான துகள்கள்) அடைபட்டுப்போவதால் ஈரத்தில் விட்டால் துரு பிடிக்கும்.

விலை கூடிய கத்திகளில் வருபவை பெரும்பாலும் தூள் உலோகவியல் எஃகுகள். உருகிய எஃகை வாயுவின் அழுத்தத்தால் நுண்தூளாகத் தெளித்து, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கி மறுபடி கட்டியாக்குவார்கள். இப்படிச் செய்தால் கார்பைடுகள் பெரிய திட்டுகளாகச் சேராமல் சிறு துகள்களாகச் சீராகப் பரவும். அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001இல் கொண்டுவந்த எஸ்30வி, கத்திக்காரர் கிறிஸ் ரீவின் ஆலோசனையோடு கத்திக்கென்றே உருவாக்கப்பட்டது. அதில் 14 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் வனேடியமும் உண்டு. ஐரோப்பாவின் எம்390இல் குரோமியம் 20 சதவீதம். 2021இல் வந்த மேக்னாகட்டை உருவாக்கியவர் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர். குரோமியம் கார்பைடில் அடைபடாமல் துருவைத் தடுக்கும் வேலைக்கே மிஞ்சும்படி அவர் கலவையை அமைத்தார். அதனால் எஸ்30வியைவிடக் குறைந்த குரோமியத்திலேயே துருவை நன்கு தாங்குகிறது, சிதறாத உறுதியும் இருக்கிறது. கடற்கரை, படகு, வியர்வை என்று புழங்குபவர்களுக்கு இன்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

இங்கே வாங்குபவர் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. கூரை நீடிக்க வைக்கும் அதே வனேடியம் கார்பைடுதான் சாணையில் மல்லுக்கு நிற்பதும். சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிட அது கடினமானது. எஸ்30வி, எம்390 வகைகளைச் சாதாரணக் கல்லிலும் தேய்க்க முடியும்; ஆனால் நேரம் எடுக்கும், விளிம்பும் திருப்தியாக வராது. வைரத்தூள் பதித்த தட்டு ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது. அந்தத் தட்டின் விலையையும் கத்தியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எஃகின் பெயர் பாதிக் கதைதான். மீதிப் பாதி பதப்படுத்துவதில், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவதில், இருக்கிறது. ஒரே எஃகை ஒருவர் ராக்வெல் 58இல் மென்மையாக விடுவார், இன்னொருவர் 62 வரை ஏற்றுவார். வெட்டும்போது இரண்டும் வேறு வேறு கத்திகள். 420எச்சி மலிவான எஃகு என்றாலும் அமெரிக்காவின் பக் என்ற கத்தி நிறுவனத்தின் கையில் அது நல்ல பெயர் வாங்கியதற்குக் காரணம் அவர்களுடைய பதப்படுத்தல் முறை. கடினம் எவ்வளவு என்று ராக்வெல் அளவை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனங்கள் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

படி 5: அலகின் வடிவத்தை எஃகுக்கு மேலாக வையுங்கள்

எஃகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் அலகின் தடிமனைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பொருளுக்குள் கத்தி இறங்குவது அதன் வடிவத்தால்தான். எஃகு செய்வது அந்த வடிவத்தை நீண்டநேரம் காப்பாற்றுவது.

இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது முதுகின் தடிமன். 2 மில்லிமீட்டரிலிருந்து 4 வரை இருக்கும். அன்றாட வேலைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். இரண்டாவது எண்ணை விற்பவர்கள் அநேகமாகச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம்: கூரின் சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடித்திருக்கிறது என்பது. வெர்னியர் காலிப்பர் இருந்தால் அளக்கலாம். 0.3, 0.4 மில்லிமீட்டர் என்று வந்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். 0.8ஐ நெருங்கினால் ஆப்பு அடிக்கும் வேலையைத்தான் செய்யும்.

காலிப்பர் இல்லாவிட்டால் ஒரு ஆப்பிள் போதும். மெல்லிய அலகு சத்தமில்லாமல் அடிவரை இறங்கும். தடித்த அலகு பாதி தூரம் போனதும் ஆப்பிளைப் பிளக்கத் தொடங்கும். "சடக்" என்று சத்தம் கேட்கும், துண்டு தெறிக்கும். கூர் எவ்வளவு தீட்டியிருந்தாலும் இது மாறாது. தடித்த அலகோடு, முரட்டுத் தோற்றத்தோடு வரும் விலை கூடிய கத்திகள் நிறைய இருக்கின்றன. பலகை இடுக்கில் நுழைத்து நெம்புவதற்கு என்று சொல்லி விற்கிறார்கள். மடக்குக்கத்தியால் நெம்பக்கூடாது, மடிப்பு இருக்கும் இடம்தான் அதன் பலவீனமான இடம். நெம்பத் தேவை இருப்பவர் அதற்கான கருவியை வாங்கிக்கொள்ளட்டும்.

கூரின் கோணத்தைக் குறைத்தாலே கூர் நீடிக்கும் நேரமும் கூடும் என்பது புதியவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். அட்டைத்தாளைப் பொறியில் வைத்து வெட்டி அளக்கும் சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. மெல்லிய கோணத்தில் தீட்டிய சாதாரண எஃகு, தடித்த கோணத்தில் விட்ட உயர்ந்த எஃகை அட்டை வெட்டுவதில் முந்திவிட முடியும். ஆகவே நல்ல வடிவமுள்ள நடுத்தர விலைக் கத்தியா, தடித்த உச்ச விலைக் கத்தியா என்று வந்தால், கண்ணை மூடிக்கொண்டு முன்னதை எடுங்கள்.

படி 6: பூட்டும் திறப்பும்

பூட்டு என்பது அலகு விரல்மேல் மடங்கிவிடாமல் தடுக்கும் அமைப்பு. பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் பின்பூட்டு பழையது, எளியது. 1964இல் வந்த பக் 110 அதை உலகறியச் செய்தது. ஒப்பினெல்லில் சுழலும் உலோக வளையமே பூட்டு. 1955 முதல் இருக்கிறது. உட்தகடு பக்கவாட்டில் சாய்ந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் லாக் 1980களில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக்காரரின் கையில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. அதே கருத்தைப் பிடியின் தகட்டிலேயே செய்தால் ஃபிரேம் லாக். அதைத் தொடங்கிவைத்தது கிறிஸ் ரீவின் செபென்சா என்ற கத்தி. பிடியின் குறுக்கே ஒரு கம்பி நின்று அலகைத் தாங்கும் ஆக்சிஸ் லாக்கை பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் கொண்டுவந்தது. இன்று அதே அமைப்பு கிராஸ்பார் என்ற பெயரில் பல நிறுவனங்களிடம் மலிவாகக் கிடைக்கிறது. குறுக்குக்கம்பியின் நல்ல குணம், மடக்கும்போது விரல் அலகின் பாதையில் வருவதில்லை, இடக்கைக்காரரும் சிரமமின்றிப் புழங்கலாம்.

நன்றாகச் செய்திருந்தால் எந்தப் பூட்டும் அன்றாட வேலைக்குப் போதும். மோசமாகச் செய்திருந்தால் எந்தப் பெயரும் விரலைக் காப்பாற்றாது.

திறக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: பித்தளை நிற வெண்கல வாஷர், அல்லது குண்டு பேரிங். பேரிங் கையில் எடுத்தவுடனே மயக்கும். ஆனால் மணலும் தூசியும் உள்ளே போனால் அது நரநரக்கும், பிரித்துக் கழுவ வேண்டியிருக்கும். வாஷர் பழகப் பழக வழவழப்பாகும், தூசியையும் பொறுத்துக்கொள்ளும். வெளிவேலைக்கு நான் வாஷர் பக்கம்.

படி 7: பிடி

டைட்டானியம், கார்பன் ஃபைபர், ஜி-10 (கண்ணாடி நாரும் பிசினும் இறுக்கிய தகடு), மைகார்ட்டா (துணியும் பிசினும் இறுக்கிய தகடு), நார் கலந்த நைலான். விலையில் நிறைய வித்தியாசம், வேலையில் அவ்வளவு இல்லை. டைட்டானியம் துருப்பிடிக்காது, அழகானது, ஈரக்கையில் வழுக்கும். ஜி-10 நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பு அதிகமாக இருந்தால் கால்சட்டைப் பையின் துணியை அரித்துவிடும். நைலானைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் எடை குறைவு, எளிதில் உடையாது. எடை 100 கிராமுக்குக் கீழே இருந்தால் பையில் இருப்பதே தெரியாது. 150ஐத் தாண்டினால் சில நாட்களில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்குவீர்கள்.

பையில் மாட்டும் கிளிப் 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் முதல் கத்தியோடு பரவலானது. கிளிப் உள்ளங்கையில் குத்துகிறதா என்பதை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், படத்தில் தெரியாது.

படி 8: கையில் எடுத்துப் பாருங்கள்

முடிந்தால் நேரில் பாருங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் வாங்கிப் பாருங்கள். விரித்து, அலகின் தட்டையான இரு பக்கங்களையும், கூரைத் தொடாமல், பிடித்து இடம்வலமாக, பிறகு மேலும் கீழுமாக மெல்ல அசையுங்கள். பக்கவாட்டு ஆட்டம் மடிப்புத் திருகை இறுக்கினால் சில நேரம் போய்விடும். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை. அதைத் திருகு தீர்க்காது. விரல்களை அலகின் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, முதுகில் உள்ளங்கையால் அழுத்துங்கள். பூட்டு நழுவவே கூடாது. முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிப்பதைச் சிலர் செய்து காட்டுவார்கள்; அது நல்ல பூட்டையும் கெடுக்கும்.

மடக்கிய நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு நடுவில் நிற்கவேண்டும். சற்று விலகியிருந்தால் பரவாயில்லை, பக்கத்தகட்டில் உரசக்கூடாது. தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்கினால் அலகு வெளியே வரக்கூடாது. பையில் தானாகத் திறந்துகொள்ளும் கத்தி ஆபத்தானது, அதன் விலை என்னவாக இருந்தாலும்.

பிறகு, கத்தியை ஐந்து நிமிடம் சும்மா இறுக்கிப் பிடித்திருங்கள். செய்நேர்த்தி என்று மேலே சொன்னது அப்போதுதான் கைக்குத் தெரியும். உருட்டப்பட்ட விளிம்புகள், எங்கும் உறுத்தாத வளைவு, பூட்டு விழும்போது வரும் ஒரே சீரான சத்தம், சமமாக அரைத்த இரண்டு பக்கச் சரிவுகள், நுனியில் நேராகச் சந்திக்கும் கோடுகள். இவை உங்கள் மனதைத் தொட்டால், கூடுதல் விலை எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தொடவில்லை என்றால், அடுத்தவர் புகழ்கிறார் என்பதற்காக அந்த விலையைக் கொடுக்கவேண்டாம்.

படி 9: போலியும் விற்பவரும்

புகழ்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் ஏராளம். பெட்டி, சான்றுச்சீட்டு எல்லாம் அச்சு அசலாகவே வரும். நிறுவனத்தின் தளத்தில் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியல் இருக்கும்; அதில் இல்லாதவர் பாதி விலைக்குத் தருகிறார் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு சிறிய காந்தம் உதவும். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது; டைட்டானியம் என்று சொன்ன பிடித்தகடு காந்தத்தை இழுத்தால் அது போலி. திருகும் கிளிப்பும் எஃகாக இருக்கலாம், அதனால் வெறும் தகட்டில் வைத்துப் பாருங்கள். எடையையும் நிறுவனம் சொல்லும் எடையோடு ஒப்பிடுங்கள். அலகில் பொறித்த எஃகின் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வழியே இல்லை. அதனால்தான் யாரிடம் வாங்குகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

உத்தரவாதத்தையும் படித்துப் பாருங்கள். கத்தியைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பிரிப்பதற்கான சாவியையே கத்தியோடு கொடுத்து, நீங்களே பிரித்துக் கழுவுங்கள் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. நீண்டகாலம் வைத்திருக்க நினைப்பவருக்கு இரண்டாவது வகை பெரிய நிம்மதி. பழுதுக்கு அனுப்பினால் போகவர அஞ்சல் செலவும் சுங்கமும் எவ்வளவு ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள். வெளிநாட்டுக் கத்தி என்றால் அதுவே கணிசமாக வரும்.

படி 10: முடிவெடுப்பது

இப்போது உங்களிடம் மூன்று தகவல்கள் இருக்கின்றன: என்ன வெட்டுகிறீர்கள், இருக்கும் கத்தியின் குறை என்ன, ஊரில் எது அனுமதி. இவற்றோடு தொலைந்துபோவதையும் நினைத்துப் பாருங்கள். இந்தக் கத்தி நாளை தொலைந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு போகுமா, ஒரு மாதம் தூக்கம் போகுமா? கீறல் விழுமே என்று பயந்து மேசை டிராயரில் பூட்டி வைப்பீர்கள் என்றால், வெட்டுவதற்கு இன்னொரு கத்தி வாங்கவேண்டி வரும்.

எனக்குச் சரியாகப் படும் வழி இது. முதலில் நல்ல வடிவமும் 14சி28என் போன்ற எஃகும் உள்ள ஒரு மிதமான கத்தியை வாங்கிச் சில மாதங்கள் தினமும் புழங்குங்கள். அலகு நீளமா குட்டையா, எந்தப் பூட்டு கைக்குப் பழகுகிறது, கூர் எவ்வளவு நாளில் போகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியவரும். பிறகு உச்ச விலைக்குப் போகத் தோன்றினால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே போவீர்கள். அட்டை வெட்டுவதே பிழைப்பாக இருப்பவர், உப்புக்காற்றில் வேலை செய்பவர், தினமும் பல தடவை கத்தியைத் திறப்பவர், இவர்களுக்கு எஃகின் பெயரிலேயே கொடுத்த விலை திரும்பிவிடும்.

வெட்டும் தேவை எதுவும் இல்லாமல், நேர்த்தியாகச் செய்த பொருள் ஒன்று கையில் இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் வாங்க நினைப்பவரும் உண்டு. அதுவும் நல்ல காரணமே. அவர் அதைத் தேவை என்று சொல்லி நியாயப்படுத்த வேண்டியதில்லை. மற்றச் செலவுகளைப் பாதிக்காத பணமாக இருந்தால் மனநிறைவோடு வாங்கலாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் கத்தி என்றால் பெட்டி, சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மனம் மாறினால் போட்ட பணத்தில் ஒரு பங்காவது திரும்பக் கிடைக்கும். இதே காரணத்தால், நம்பகமானவரிடம் பழைய கத்தி வாங்குவதும் நல்ல வழி. அப்போது விளிம்பு பலமுறை தேய்த்து அலகு குறுகியிருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கத்தி வந்த அன்று

ஒரே ஒரு தாளைக்கூட வெட்டுவதற்கு முன், படி 8இல் சொன்ன எல்லாச் சோதனைகளையும் செய்துவிடுங்கள். புழங்கிய கத்தியைப் பல கடைகள் திரும்ப எடுக்காது. மேல்கீழ் ஆட்டமோ, நழுவும் பூட்டோ, உரசும் அலகோ இருந்தால் அன்றே படம் எடுத்துக் கடைக்கு எழுதுங்கள். விலை கூடிய கத்தியில் இவற்றைப் பொறுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் மடிப்பில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, நாலைந்து முறை திறந்து மடக்கி, வழிந்ததைத் துடையுங்கள். திருகு தளர்ந்தால் இறுக்க, சரியான அளவு டார்க்ஸ் முனை (ஆறுமுனை நட்சத்திர வடிவத் திருப்புளி முனை) ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டி6, டி8, டி10 இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பொருந்தாத முனையால் திருகினால் அதன் தலை மழுங்கிவிடும், அதற்குப்பின் கழற்றுவது பெரும்பாடு.